சவூதி நண்பர் வீட்டு விருந்துக்குப் போகும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

சவூதி நண்பர் முதன்முறையாக வீட்டுக்கு அழைத்திருக்கிறார், எப்படி நடந்துகொண்டால் மரியாதைக் குறைவாகாது என்று கேட்டிருக்கிறீர்கள். கஸீம் மாகாணத்துப் புரைதாவில் பண்ணைகளின் நீரிறைக்கும் பம்புகளைப் பழுதுபார்க்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அங்கே பார்த்ததையும் ஒருமுறை நானே பட்டதையும் சொல்கிறேன்.

முதலில் கஹ்வா என்னும் அரபுக் காப்பியைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றவற்றில் பிழை நேர்ந்தால் வெளிநாட்டவர் என்று பொறுத்துக்கொள்வார்கள். கஹ்வாக் கிண்ணத்துக்கோ தனி மொழியே உண்டு. இளவறுப்பாக வறுத்த காப்பிக்கொட்டையை ஏலக்காயோடும், சில வீடுகளில் குங்குமப்பூ, கிராம்போடும் கொதிக்கவைத்து இறக்குவதால், நம் ஃபில்டர் காப்பியை நினைத்துக்கொண்டு வாயில் வைப்பவருக்கு அது ஏதோ கஷாயம் போலத்தான் இருக்கும். சர்க்கரை சேர்ப்பதில்லை; அந்தக் கசப்புக்குத் துணையாகத்தான் பேரீச்சம்பழம் வருகிறது, புரைதாவில் பெரும்பாலும் சுக்கரி வகை. ஊற்றுபவர் தல்லா என்னும் மூக்கு வைத்த கூஜாவை இடக்கையில் ஏந்தி, பிடியில்லாத பின்ஜான் கிண்ணத்தை வலக்கையால் நீட்டுவார். நீங்களும் வலக்கையாலேயே வாங்க வேண்டும். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. அதைக் கஞ்சத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால்தான் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள். காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பதால், போதுமென்றால் கிண்ணத்தை இரண்டு மூன்று முறை இலேசாக ஆட்டித் திருப்பிக் கொடுங்கள்.

பதூவிகள் என்னும் பாலைவன நாடோடி அரபுகளின் பழைய வழக்கில் முதல் கிண்ணம் விருந்தினனுக்கு, இரண்டாவது இன்பத்துக்கு, மூன்றாவது வாளுக்கு என்பார்கள். மூன்றாவதையும் குடித்தவன், அந்த வீட்டுக்கு ஆபத்து வந்தால் தோளோடு தோள் நிற்பான் என்பது கணக்கு. 2015இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் அரபுக் காப்பியைச் சேர்த்தபோது, அதைக் கொடைக்குணத்தின் சின்னம் என்றே குறித்தார்கள்.

இனி என் கதை. பண்ணைக்காரர் ஒருவரின் மஜ்லிஸில், அதாவது விருந்தினரை வரவேற்கும் கூடத்தில், எனக்குக் கிடைத்த கிண்ணம் விரலைச் சுட்டதால், ஆறட்டும் என்று வாய் வைக்காமலே தரைவிரிப்பில் வைத்துவிட்டேன். பேச்சு நின்றுவிட்டது. வீட்டுப் பெரியவர் என் பக்கம் திரும்பி, "உமக்கு என்ன வேண்டும், சொல்லும்" என்றார். குடிக்காமல் கீழே வைப்பது, என் கோரிக்கை நிறைவேறாமல் இந்த வீட்டுக் கஹ்வாவைத் தொட மாட்டேன் என்று சொல்வதற்குச் சமமாம். பெண் கேட்க வந்தவர்களும், பகை தீர்க்க மன்னிப்பு வேண்டி வந்தவர்களும் செய்வது அது. பக்கத்திலிருந்த எகிப்துக்காரர் காதில் கிசுகிசுத்ததும் ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன், சபையே சிரித்தது. ஊருக்குப் போக விடுப்புக் கேட்க அதைவிட நல்ல தருணம் வாய்க்காது என்பது அறைக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

மற்றவை எளியவை. உட்காரும்போது உள்ளங்கால் யாரையும் நோக்கி நீண்டிருக்கக் கூடாது. வீட்டுப் பெண்களைப் பெயர் சொல்லியோ தனியாகவோ விசாரிக்காமல், "குடும்பத்தார் நலமா" என்று பொதுவாகக் கேளுங்கள். ஒரு பொருளை மிகையாகப் புகழ்ந்தால் அதை உங்களிடமே கொடுத்துவிட முனைவார்கள் என்பதால், 'மாஷா அல்லாஹ்' என்று அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கறியோடு சமைத்த சோறான கப்ஸா ஒரே பெரிய தட்டில் வரும். உங்களுக்கு முன்னுள்ள பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள், நல்ல கறித்துண்டை வீட்டுக்காரரே உங்கள் பக்கம் தள்ளுவார். இனி முடியாது என்று நீங்கள் சொல்வதை இரண்டு தடவையாவது அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

எப்போது எழுவது என்ற குழப்பம் வேண்டாம். கடைசியில் ஊத் என்னும் அகில் கட்டை புகையும் தூபக்கால் ஒவ்வொருவரிடமாக வரும். புகையைக் கையால் தாடிக்கும் சட்டைக்கும் அள்ளிக்கொண்டு அடுத்தவரிடம் தாருங்கள். 'ஊத் வந்தபின் உட்காருவதில்லை' என்று எதுகையோடு ஒரு வசனமே அரபியில் உண்டு; தூபக்கால் உங்களைத் தாண்டிப் போனதும் நன்றி சொல்லி எழுந்துவிடலாம், வாசல்வரை அவரே வந்து வழியனுப்புவார்.