எம்.எஸ்.டபிள்யூ. இல்லாமல் தொழிலாளர் துறை வேலை கிடைக்குமா?

கேள்வி: பி.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கிறேன். தொழிலாளர் நலன் சார்ந்த அரசு வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலைப் பட்டம்) கட்டாயமா?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: இல்லை, உங்கள் பட்டமே போதும். யு.பி.எஸ்.சி. நடத்தும் வருங்கால வைப்பு நிதி அமலாக்க அதிகாரி தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30, ஓ.பி.சி.க்கு 33. இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள், 300 மதிப்பெண். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும் என்பதால் ஊகத்தில் குறிக்காதீர்கள். எழுத்துத் தேர்வுக்கு 75, நேர்முகத்துக்கு 25 என்ற விகிதத்தில் தரவரிசை.

பலரும் சறுக்குவது தொழிலாளர் சட்டத்தில்தான். பழைய கைடுகளை ஒதுக்கி வையுங்கள். பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றிணைத்த நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளன. தொழிற்சங்கச் சட்டம் 1926, நிலையாணைச் சட்டம் 1946, தொழில் தகராறு சட்டம் 1947 ஆகிய மூன்றும் அவற்றில் ஒன்றான தொழில் உறவுகள் தொகுப்பில் அடங்கிவிட்டன. சட்டத்தை ஊரோடு பொருத்திப் படித்தால் மறக்காது: 200 பேர் வேலை செய்யும் முந்திரி ஆலையை மூட முன்பு அரசு அனுமதி தேவை, இப்போது வரம்பு 300 பேர் என்பதால் தேவையில்லை.

ஓ.பி.சி. சலுகை கோருவதானால் சாதிச் சான்றிதழில் கவனம் தேவை. மாநில பி.சி. சான்று யு.பி.எஸ்.சி. தேர்வுக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். தாலுகா அலுவலகத்தில் வருமான விசாரணை முடிய நாளாகும்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-இல் வரும் தொழிலாளர் உதவி ஆய்வாளர் பணியையும் குறி வையுங்கள்.