மூன்று நாள் விக்கல்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 71 வயது. மூன்று நாட்களாக விக்கல். சாப்பிட உட்கார்ந்தால் கூடுகிறது, தூக்கத்திலும் தோள் குலுங்குகிறது. துபாயில் இருக்கும் பேரன் நினைக்கிறான் என்கிறார் அம்மா. சர்க்கரை நோயாளியான அவரை ஆளாளுக்கு ஒரு கரண்டி சீனி விழுங்க வைக்கிறார்கள். நாம் சொல்லாமலேயே உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது?

வி.

அன்புள்ள வி.,

அப்பாவை இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மீதியை அங்கே காத்திருக்கும்போது படிக்கலாம். 48 மணி நேரத்தைத் தாண்டிய விக்கலை மருத்துவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை வெட்டி இழுக்கும்போது காற்று சட்டென்று உள்ளே பாய்கிறது. அடுத்த 35 மில்லிவினாடியில் குரல்வளை மூடிக்கொள்ள, 'விக்' என்று சத்தம் வருகிறது. இதை நடத்துவது மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு. நம் சம்மதத்தை அது கேட்பதில்லை. அங்கிருந்து வயிறு வரை ஓடும் நரம்புகளை எது சீண்டினாலும் விக்கல் எழும். அவசரமாகச் சாப்பிட்டு வயிறு உப்பினாலும் வரும். சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் யூரியா ஏறினாலும் வரும். மூளைத்தண்டில் பக்கவாதம், அபூர்வமாக மாரடைப்பு என்று பெரிய காரணங்களும் உண்டு. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இப்படி ஒரு பழக்கம் உடம்புக்கு எதற்கு? கருவில் இருக்கும் குழந்தையும் விக்குகிறது. தலைப்பிரட்டை செவுளால் மூச்சுவிடும்போது தண்ணீர் நுரையீரலுக்குள் போகாமல் குரல்வளையை மூடிக்கொள்ளும். அந்தப் பழைய இயக்கத்தின் மிச்சம்தான் விக்கல் என்று ஒரு கருத்து இருக்கிறது. உறுதியாகவில்லை என்றாலும் எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. அமெரிக்காவின் அயோவாவில் சார்லஸ் ஆஸ்போர்ன் என்பவருக்கு 1922இல் தொடங்கிய விக்கல் 1990இல்தான் நின்றது. அதற்கிடையில் அவர் திருமணம் செய்து பிள்ளைகளையும் வளர்த்தார்.

பேரன் நினைக்கிறான் என்று அம்மா சொல்வதில் இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நம்பிக்கையில் மூன்று நாள் போய்விட்டதே என்றுதான் பதறுகிறேன். நாக்கை அடக்கி விக்கல் எழுவதை மரணத்தின் வாசலாகவே வள்ளுவர் பாடியிருக்கிறார். நம் முன்னோர் இதை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள்.

சீனியை உடனே நிறுத்துங்கள். அப்பா சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளாலும் விக்கல் வரும். சிறுநீரகத்துக்கான யூரியா, கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனைகளும் இதயத்துக்கான இ.சி.ஜி.யும் பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். போகும் வழியில் நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ 108ஐ அழையுங்கள். மருத்துவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.