சாப்பிடக் கூப்பிட்டாலே 14 வயது மகன் போனை வைக்காமல் எரிந்து விழுகிறான். என்ன செய்வது?

அவன் எதன் நடுவில் இருக்கிறான் என்று முதலில் பாருங்கள். பிஜிஎம்ஐ (போனில் பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு) என்றால், ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை; அதிலுள்ள எராங்கல் என்ற வரைபடத்தில் ஒரு மேட்ச் அரை மணி நேரம்கூடப் போகும். பாதியில் விலகினால் தரவரிசைப் புள்ளி போகும், கூட ஆடும் நண்பர்களும் திட்டுவார்கள். இந்த நேரத்தில் போனைப் பிடுங்கினால் சண்டை வராமல் இருக்காது. எட்டரைக்குச் சாப்பாடு என்றால் எட்டு மணிக்கே, "இனிப் புது மேட்ச் ஆரம்பிக்காதே" என்று சொல்லிவிடுங்கள்.

ரீல்ஸ், ஷார்ட்ஸ் அப்படியல்ல. அவற்றுக்கு முடிவே கிடையாது. பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுள் ஃபேமிலி லிங்க்கில் அந்தச் செயலிக்கு மட்டும் தினசரி வரம்பு வையுங்கள். யூடியூபுக்கு வரம்பு வைத்தால் பாட வீடியோவும் சேர்ந்தே அடைபடும். பாட வீடியோ பார்க்க மடிக்கணினி இருந்தால் நல்லது. எத்தனை நிமிடம் என்பதை அவனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். சொல்லாமல் பூட்டினால் நண்பனின் போனைத் தேடிப் போவான்.

இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலைச் சிடுசிடுப்புக்குப் பல வீடுகளில் தூக்கக் குறைவே காரணம். சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பான். மேசைக் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அப்பா, அம்மா போன்களும் இரவில் அங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் விதி காற்றில் போய்விடும்.