வயதாகும் எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) வீரர் எப்போது விலக வேண்டும்?

வயதை விடுங்கள். முன்பு அசராமல் வாங்கிய குத்துக்கு இப்போது ஆள் சரிகிறாரா என்று பாருங்கள். யுஎஃப்சி என்ற எம்.எம்.ஏ. போட்டி அமைப்பின் முன்னாள் லைட் ஹெவிவெயிட் எடைப்பிரிவு சாம்பியன் சக் லிடெல்லையே எடுத்துக்கொள்ளலாம். 2008-இல் ரஷாத் எவன்ஸ், 2009-இல் ஷோகுன் ருவா என இருவரிடமும் அடிவாங்கி விழுந்தார். 2010 ஜூனில் ரிச் ஃபிராங்க்ளினுடன் மோதியபோது அவர் ஆட்டம் மோசமே இல்லை. அவருடைய உதையைத் தடுத்ததில் ஃபிராங்க்ளினின் கை எலும்பே முறிந்தது. முதல் சுற்று முடியச் சில நொடிகள்தான். லிடெல் முன்னேறி அடிக்கப் போக, எதிரே வந்த ஒரே வலக்கைக் குத்தில் நினைவிழந்து விழுந்தார்.

கை வலு அப்படியே இருக்கும். ஆனால் தலையில் விழுந்த அடிகள் சேர்ந்துகொண்டே போகும்; தசையைப் போல மூளையைப் பயிற்சியால் இறுக்க முடியாது. பயிற்சிச் சண்டையில் லேசான குத்துக்கே கால் தடுமாறினால் அதுதான் அறிகுறி. வீரர் ஒப்புக்கொள்ள மாட்டார், பயிற்சியாளர்தான் வாயைத் திறக்க வேண்டும்.

அந்த 2010 டிசம்பரில் லிடெல் விலகினார். சரி, அதோடு விட்டாரா? 2018-இல், 48 வயதில், தான் முன்பு இரண்டு முறை வீழ்த்திய டிட்டோ ஓர்ட்டிஸுடன் மறுபடி இறங்கினார். பார்க்கவே சங்கடமாக இருந்தது. முதல் சுற்றிலேயே லிடெல் நாக்அவுட்.