முதல்ல வாங்குற ஆளைத் தேடாதீங்க

கேள்வி: அக்கா, சாயல்குடி பக்கத்துல ஒரு கிராமம் எங்களுது. ஆறு பொம்பளைங்க சேர்ந்து பனை ஓலைல கொட்டான், பொட்டி முடையுறோம். ஊருக்கு வர்ற ஏவாரி அடிமாட்டு விலைக்குத்தான் கேக்குறாரு. எல்லாரும் "வெளிநாட்டு காண்டாக்ட் புடிங்க"ன்னு சொல்றாங்க. பாஸ்போர்ட்டே இல்லாத நாங்க யாரைப் போய் புடிக்கிறது?

பதில்: தங்கச்சி, காண்டாக்ட்னா உடனே கோட்டு போட்ட வெள்ளைக்காரன்னு நினைச்சுட்டீங்க பாருங்க, அங்கதான் சிக்கல். நீங்க தேட வேண்டியது உங்களை மாதிரியே ஓலை வாரி முடையுற இன்னொரு பொம்பளையை. கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார்லயும் யாழ்ப்பாணத்துலயும் இதே பனைதான், அவங்க புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி முடையுறாங்க, கனடா லண்டன்னு போன சொந்தக்காரங்க இன்னும் அதைக் கேட்டு வாங்குறாங்க. அவங்களுக்குன்னு 1978லருந்து பனை அபிவிருத்தி சபையே இருக்கு. கம்போடியாவுல பனை தேசிய மரம், அங்கயும் ஓலை வேலை உண்டு.

பேச ஆரம்பிச்சா விலையை விட்டுட்டு, எந்தச் சாயம் கையில ஒட்டாது, பூஞ்சைக்கு என்ன பண்றீங்க, எந்தப் பார்ட்டி காசை இழுத்தடிப்பான், இதெல்லாம் கேளுங்க. பூஞ்சைன்னதும் ஞாபகம் வருது, நான் ஒரு தடவை மழைக்காலத்துல 40 பொட்டி அரைகுறையா காய வச்சு கப்பல்ல அனுப்பி, அங்க போய்த் திறந்தா எல்லாம் கறுப்பு கறுப்பா புள்ளி, ஒரு பைசா வரல. முடையுறதுக்கு நனைச்ச ஈரம் உள் மடிப்புல நிக்கும்னு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன்.

இப்படி கைவேலைக்காரங்களே ஒருத்தரோட ஒருத்தர் சேர்றது நான் கண்டுபுடிச்ச வழி இல்ல. 2015லருந்து 2018 வரைக்கும் அயர்லாந்து மேற்குக்கரை, ஐஸ்லாந்து, ஸ்வீடன், வட ஃபின்லாந்துன்னு ஆள் கம்மியான ஓரத்து ஊர்கள்ல இருந்த கைத்தொழில்காரங்க, டிசைனருங்களை ஐரோப்பிய யூனியன் காசு போட்டு ஒண்ணா கோத்துவிட்டுச்சு, எல்லார் வேலையையும் காட்ட ஒரே வெப்சைட். நமக்கு யாரும் காசு போட மாட்டாங்க, வாட்ஸ்அப் போதும்.

ஏற்றுமதிக்கு ஐஇசி நம்பர் வேணும் (ஏற்றுமதி-இறக்குமதி பண்றவங்களுக்கு அரசாங்கம் குடுக்குற நம்பர்), ஆன்லைன்ல 500 ரூபா, வருஷா வருஷம் ஏப்ரல்-ஜூன்ல அப்டேட் பண்ணலேன்னா செத்துடும், மறக்காதீங்க. சின்ன பார்சலுக்கு தபால் ஆபீஸ்ல டாக் கர் நிர்யாத் கேந்திரா, அதாவது தபால் வழியா ஏற்றுமதி பண்ற மையம், எங்க இருக்குன்னு விசாரிங்க. ஓலைச் சாமானுக்கு சில நாடு ஃப்யூமிகேஷன் சர்டிஃபிகேட், அதாவது பூச்சி சாக மருந்துப் புகை போட்டதுக்கான சான்று, கேக்கும், அதனால ஆர்டர் எடுக்குறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. பாஸ்போர்ட்டும் எடுத்து வைங்க, நாகப்பட்டினத்துலருந்து யாழ்ப்பாணம் பக்கத்து காங்கேசன்துறைக்குப் போற கப்பல் 2023லருந்து விட்டு விட்டு ஓடுது, என்னைக்காவது போலாம்.

முதல் போட்டோ அனுப்பும்போது பூ வச்சு அழகு பண்ணுன பொட்டி வேணாம். பாதி முடைஞ்சதை கவுத்துப் போட்டு அடிப்பக்கத்தை எடுங்க. ஓலை வாருறவ முதல்ல அதைத்தான் பாப்பா.