எதிர்க்கடையில் ஆள் நிற்கிறது, நம் கடையில் ஏன் நிற்பதில்லை?

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் உங்கள் ஹார்டுவேர் கடையில் உள்ளூர்ப் பையன்கள் மூன்று மாதம்கூட நிற்பதில்லை, எதிர்க்கடை ராஜஸ்தான்காரரிடம் மட்டும் ஆள் மாறுவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏஜென்ட் மூலம் வடக்கத்திப் பையன்களை எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

சொந்த ஊர்ப் பையன்களைக் கூட்டி வந்து கூடவே தங்கவைத்து வேலை வாங்குவது; அவர் செய்கிற இதைத்தான் நம் ஆட்கள் சென்னையில் செய்தார்கள். கொளத்தூரில் நான் மளிகைக்கடை வைத்திருந்தபோது வேலைக்கு இருந்த நான்கு பேரும் நாங்குநேரிப் பக்கத்துச் சொந்தக்காரப் பையன்கள். சாப்பாடு எங்கள் வீட்டில், படுக்கை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். கோபித்துக்கொண்டு கிளம்பினால் ஊரிலிருந்து மாமா போன் போடுவார். போக வேறு இடமும் கிடையாது, அதனால் நின்றார்கள். ஒருவன் காய்ச்சலோடு உட்கார்ந்து பருப்புப் பொட்டலம் கட்டினான். லீவு கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

உள்ளூர்ப் பையனுக்கு வீடு இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குக் கடை அடைத்தால் அவன் ஊருக்குப் பஸ் கிடைக்காது. எட்டு மணிக்கு விட்டுப் பாருங்கள். வாரம் ஒரு நாள் லீவு, 5ஆம் தேதிக்குள் சம்பளம், உட்கார ஒரு ஸ்டூல். கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். அப்புறம், ஆள் தேவை என்று போர்டு வைப்பதைவிட, நன்றாக வேலை பார்க்கிற பையனிடமே கேளுங்கள். தெரிந்தவனைக் கூட்டி வருவான்.

வடக்கத்திப் பையன்களை எடுப்பதிலும் தப்பில்லை. சம்பளத்தை மட்டும் ஏஜென்ட்டிடம் கொடுக்காமல் அவர்கள் கையிலேயே கொடுங்கள்.