அடைவுச் சீட்டின் மேல் ஒரு பியானோ

கேள்வி: திருகோணமலைக் கரையோரத்தில் உப்புவெளியில் வசிக்கிறோம், கணவரும் நானும் அரச ஊழியர்கள். மகள் பியானோவில் இரண்டாம் தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள். கொழும்பிலுள்ள மச்சாள் வெளிநாடு செல்வதால், தம் பழைய பியானோவை 4.5 இலட்சம் ரூபாய்க்கு நாங்களே எடுக்க வேண்டும், குடும்பப் பொருள் வெளியே போகக்கூடாது என்று வற்புறுத்துகிறார். ஏற்கெனவே 6 இலட்சத்துக்கு நகை அடைவில் இருக்கிறது. 15 வீத வட்டியை மூன்று ஆண்டுகளாகத் தவறாமல் கட்டிப் புதுப்பித்து வருகிறோம். மீதி நகையையும் வைத்து வாங்கலாமா? கையில் 2 இலட்சம் உண்டு. மாதம் 25,000 ஒதுக்கலாம்.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கச் செய்தது 'தவறாமல்' என்ற சொல்தான். ஆண்டுக்கு 90,000 வீதம் மூன்று ஆண்டுகளில் 2.7 இலட்சம் கட்டியிருக்கிறீர்கள். வாங்கிய கடன் தொகையில் ஒரு ரூபாயும் குறையவில்லை. பியானோவுக்கும் இதே வழியில் போனால் இரண்டு கடனுக்கும் சேர்த்து வட்டி மட்டும் ஆண்டுக்கு 1,57,500, அதாவது மாதம் 13,000 ரூபாயைத் தாண்டும்.

வாங்கும் விலையோடு பியானோவின் செலவு முடிவதில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட தந்திகள் பல தொன் இழுவிசையில் நிற்கும் அக்கருவியின் ஒலிப்பலகை மரத்தாலானது. மாரியில் ஈரத்தை உறிஞ்சி உப்பும்போது சுருதி ஏறும், கச்சான் காற்றில் காயும்போது இறங்கும், கடலோர உப்புக் காற்றில் தந்தியும் துருப்பிடிக்கும். இடம் மாறி வந்த பியானோவுக்கு முதல் ஆண்டில் மூன்று முறையாவது சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். கொழும்பிலிருந்து ஒருவரை வரவழைக்கும் பயணத்தையும் தங்குமிடத்தையும் சேர்த்து ஒரு முறைக்கு 25,000 என்று வைத்தால் 75,000. லொறிக்கும் தூக்குபவர்களுக்கும் 40,000 என்று கொள்வோம். புதிய கடனின் வட்டி 67,500 ரூபாயையும் கூட்டினால், விலைக்கு மேல் முதல் ஆண்டிலேயே 1,82,500 போய்விடும். சுருதி ஆணிகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டை வெடித்திருந்தால் எத்தனை முறை சேர்த்தாலும் சுருதி நில்லாது. பழைய பியானோவும் தங்கம்போல விலையேறும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். விற்கப் போனால், தூக்கிச் செல்ல ஆள் கிடைப்பதே பாடு.

மாதம் 25,000 ரூபாயை அடைவின் வட்டியோடு முதலுக்கும் சேர்த்துக் கட்டுங்கள். முதல் மாதத்திலேயே ஏறக்குறைய 17,500 கடன் தொகையில் குறையும், சுமார் 29 மாதங்களில் நகை முழுவதும் வீடு திரும்பும். பகுதி பகுதியாகக் கட்ட முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். அடைவுச் சீட்டுகள் பலவாக இருந்தால் சிறியதை முதலில் மீட்பது நல்லது.

மகளின் தரத்துக்கு, அழுத்தும்போது அசல் பியானோபோலக் கனம் தெரியும் 88 கட்டைகள் கொண்ட, பயன்படுத்திய டிஜிட்டல் பியானோ போதும். அதற்குச் சுருதி சேர்க்கும் செலவு இல்லை. ஆசிரியரை வாசித்துப் பார்க்கச் சொல்லி, கையிலுள்ள 2 இலட்சத்துக்குள் ரொக்கமாக வாங்குங்கள், ஆனால் அதையும் உப்புக் காற்றுப் படாமல் மூடி வைக்க வேண்டும். கடைகள் இப்போது கூவி விற்கும் 'வட்டியில்லாத் தவணை'யில் கையெழுத்திடுமுன் ரொக்க விலை எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வட்டி.

மச்சாளிடம் உங்கள் கணவரே பேசட்டும். நகை மீளும்வரை புதுக்கடன் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம், நல்ல விலைக்கு வேறொருவர் கேட்டால் தயங்காமல் கொடுத்துவிடுங்கள் என்று அவர் தம் அக்காவிடம் நேரே சொல்லலாம்.